பொதுச் சுவர்

தண்ணீரைப் போல ஒரு பொறுமைசாலி உலகத்தில் கிடையாது. கதவைத் தட்டாது, சண்டை போடாது. மயிரிழை இடுக்குக் கிடைத்தால் போதும், அதில் குடித்தனம் வைத்துவிடும். வருஷத்தில் பாதி நாள் வைகை மணலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் மதுரைக்காரர்களாகிய நமக்குத் தண்ணீரின் வரவு தெரிந்த அளவுக்கு அதன் கசிவு தெரிவதில்லை.

நான் இருப்பது பழைய வரிசை வீடுகளில் ஒன்று. எங்கள் குளியலறைக்கும் பக்கத்து வீட்டுக் கூடத்துக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கத்தில் ஆச்சி, காலமான தம் கணவரின் படத்தை மாட்டியிருக்கிறார். ஒரு நாள் காலையில் வாசலுக்கு வந்து, "தம்பி, குத்தம் சொல்றேன்னு நினைக்காதீக. அவுக படத்துக்குக் கீழே சுவரு பூத்துக் கிடக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருந்தது. படத்தைக் கழற்றி நாற்காலியில் சார்த்தி வைத்திருந்தார். இரண்டு தலைமுறையாகக் குழம்பும் ரசமும் கைமாறிய வீடுகள் இவை. ஈரம் இன்னும் ஓரடி ஏறினால் பேச்சு நின்றுபோகும் என்று எனக்குப் பட்டது.

கொத்தனார் வந்தார். "டைல்ஸ் பூராவும் பேக்கணும் சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த பிளம்பர் பெரியவர் அவசரப்படவில்லை. "ரெண்டு நாள் இங்கே யாரும் குளிக்காதீங்க, குழாயில மட்டும் தண்ணி இருக்கட்டும்" என்றார். ஈரம் கூடவில்லை. மூன்றாம் நாள் குழாயைச் சுற்றிச் சுவரில் நாலு செம்பு தண்ணீர் ஊற்றினார். சாயங்காலமே ஆச்சி வீட்டில் கறை பெரிதாயிற்று. ஆக, சுவருக்குள் ஓடும் குழாயில் பழுதில்லை. அது சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் வழி.

அந்த இடத்தில் அழகுக்கென்று பளபளப்பாக ஒரு வட்டத் தகடு. அதன் பின்னால் விரல் நுழையும் பொந்து. அதை முன்னர் அடைத்திருந்த வெள்ளைச் சிமெண்டு வெடித்திருந்தது. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாறி மாறி ஓடும்போது உலோகம் விரியும், சுருங்கும், கைபட்டால் அசையும். சிமெண்டுக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது.

பெரியவர் பழைய சிமெண்டையும் சோப்புப் பிசுக்கையும் சுரண்டினார். ஓர் இரவு காயவிட்டு, பொந்தைக் கலவையால் நிரப்பினார். அது இறுகியபின் தகட்டின் ஓரத்தில் சிலிக்கான் பசையைப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிட்டார். ரப்பரைப் போல இழுபடும் பசை அது. 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாதாம். தகட்டின் அடியில் மட்டும் கொஞ்சம் பூசாமல் விட்டார். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு உள்ளே எங்கயாவது ஒழுகினா, இது வழியா நம்ம பக்கம் சொட்டும் சார். முழுக்க மூடிட்டா ஆச்சி வீட்டுக்குத்தான் போகும்."

நமக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையிலும் இதே பாடம்தான். பென்னிகுயிக் 1895-ல் கட்டி முடித்த அந்த அணையின் உட்பகுதி, சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் சேர்ந்த காரையால் ஆனது. கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்தது. 1930-களில் துளை போட்டுச் சிமெண்டுக் குழம்பை உள்ளே செலுத்தினார்கள். பிற்பாடு கான்கிரீட்டால் பலப்படுத்தினார்கள். ஆனாலும் கசிவே இல்லை என்று யாரும் சாதிப்பதில்லை. கசியும் நீரை வெளியே வரவிட்டு, இன்றைக்கும் அளந்து பார்க்கிறார்கள். தெரிந்த கசிவுக்கு மருந்து உண்டு. மறைந்த கசிவுக்குத்தான் பயப்பட வேண்டும்.

மனத்துக்குள் வைத்துப் புழுங்காமல் ஆச்சி வாசலுக்கு வந்து சொன்னாரே, அதுவும் பூசாமல் விட்ட இடைவெளிதான். அது இருக்கிறவரை பொதுச் சுவருக்கு ஆபத்தில்லை.

சுவர் காய இன்னும் சில வாரங்கள் ஆகுமாம். அவசரப்பட்டு வெள்ளையடித்தால் உள்ளிருக்கும் ஈரம் மறுபடி பூத்துவிடும் என்கிறார் பெரியவர். அதுவரை ஆச்சியின் கணவர் நாற்காலியில்தான் வீற்றிருக்கிறார்.