எம்.ஃபில். காலம்

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புது ஆறு என்றால் கல்லணைக் கால்வாய். எம்.ஃபில். எழுத்துத் தேர்வு நெருங்கிய வாரங்களில், சாயங்காலமானால் அதன் கரையில்தான் எங்கள் நடை. ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல வேண்டும். பேராசிரியர் உரை தொல்காப்பியத்தில் எந்தெந்த இயல்களுக்குக் கிடைத்திருக்கிறது? முழித்தவர்தான் அன்றைக்கு டீக்குக் காசு கொடுக்க வேண்டும்.

மூன்று தாள்: ஆராய்ச்சி நெறிமுறை, பொதுத்தாள், ஆய்வேட்டை ஒட்டிய சிறப்புத்தாள். பிறகு ஆய்வேடு, வைவா. பிஎச்.டி.க்குப் போக எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் வாசல். பொதுத்தாளை நினைத்தாலே வயிறு கலங்கும். சங்கப் பாட்டா, சிற்றிலக்கியமா, உரையா, எதிலிருந்தும் கேட்பார்கள். குறுவை நடவு நேரம் வேறு. “அதான் எம்.ஏ. முடிச்சிட்டியேப்பா, இன்னும் என்ன பரிச்ச?” என்பார் அப்பா. கேட்டுவிட்டு, வயலுக்குக் கூப்பிடாமல் போய்விடுவார். ஆய்வேட்டில் என்ன எழுதினேன் என்பது எனக்கே மங்கிவிட்டது. பொதுத்தாளுக்குப் பயந்து படித்ததுதான் இன்றுவரை சோறு போடுகிறது.

அந்த நடையில் உ.வே.சா. கதை வராத நாளில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் இடத்துக்கு அவரை எடுக்குமுன், அங்கிருந்த ஆசிரியர்கள் செய்யுளுக்குப் பொருள் கேட்டுச் சோதித்தார்கள். தேறிவிட்டார். அதே வருஷம் அக்டோபரில், முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இதனால் என்ன பிரயோசனம் என்றவர், சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், ஆதீனத்தில் பாடம் சொன்னவர், அவருக்கே இல்லை! 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் அச்சில் கொண்டுவந்ததற்கு அந்த ‘இல்லை’தான் வித்து. சென்னைப் பல்கலைக்கழகம் 1932-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. காவிரிக் கரையில் நடந்த வாய்மொழித் தேர்வுகளில் பெரியது அந்த முன்சீப் நடத்தியதுதான் என்பது என் கட்சி.

2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகளோடு எம்.ஃபில். நின்றுபோனது. இப்போது பிஎச்.டி.யில் சேர்ந்த பிறகு கோர்ஸ் ஒர்க் முடிக்கிறார்கள். தாள் உண்டு, மதிப்பெண் உண்டு. ஆனால் நான் பார்த்த அளவில், கேள்வி தலைப்பின் வரப்பைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளும் தாண்டிப் படிப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? ஆய்வுக் குழுவில் உட்காரும் நண்பர்களே, தலைப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இதுவரை என்னென்ன படித்திருக்கிறாய் என்று ஒரு தரம் கேளுங்கள்.