சங்குக்கு இரண்டு பெயர்

அப்பா இறந்த மூன்றாவது வாரம் வங்கிக்குப் போனேன். கணக்கில் அவர் பெயர் சங்கரலிங்கம். இறப்புச் சான்றிதழில் சங்கரன். "ரெண்டும் ஒரே ஆளுதான்னு நோட்டரிகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பூஜை அலமாரியில், அப்பா எப்போதோ தூத்துக்குடியில் வாங்கிவந்த சங்கு இருந்தது. மென்பொருள்காரன் கை சும்மா இருக்குமா? அதன் அறிவியல் பெயரைத் தேடினேன். டர்பினெல்லா பைரம் (லின்னேயஸ், 1767).

முதலில் கண்ணில் பட்டது அந்த அடைப்புக்குறிதான். எங்கள் தொழிலில் அடைப்புக்குறி காரணமில்லாமல் வராது. விலங்கியலிலும் அப்படித்தானாம். பெயரிட்டவர் முதலில் சேர்த்த பேரினத்தில் இப்போது அந்த உயிர் இல்லை என்று பொருள். லின்னேயஸ் இதை வொலூட்டா என்ற பேரினத்தில் சேர்த்து, பைரம் என்றார். பேரிக்காய். பின்னால் வந்தவர்கள் வீட்டை மாற்றினார்கள். பேரிக்காய் மட்டும் கூடவே வந்தது.

புது வீட்டுக்கு என்ன பெயர் என்பதில்தான் வழக்கு. ஹாம்பர்க் மருத்துவர் போல்டன் இறந்தபின், அவருடைய சிப்பிச் சேகரிப்பை விற்பதற்காக ரோடிங் என்பவர் 1798-இல் ஒரு பட்டியல் போட்டார். அதில் இந்தப் பேரினம் ஸாங்கஸ். ஆமாம், லத்தீன் வால் ஒட்டிக்கொண்ட நம்ம சங்குதான். அடுத்த வருடமே லமார்க் இதற்கு டர்பினெல்லா என்று பெயர் வைத்தார். சின்னப் பம்பரம் என்று சொல்லலாம்.

ரோடிங்கின் பட்டியலை நெடுங்காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. முந்திய பெயரே செல்லும் என்பது விதி. ஸாங்கஸ் புழக்கத்துக்கு வந்தது. பழைய இந்திய மீன்வளக் கட்டுரைகளில் ஸாங்கஸ் பைரம் என்றே பார்க்கலாம். 1957-இல் விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் தன் சிறப்பு அதிகாரத்தால் அதை ஒதுக்கிவிட்டு, டர்பினெல்லாவையே நிலைநிறுத்தியது.

எனக்குக் கோபம் வந்தது. முந்தி வந்த நம் சொல்லை அல்லவா தள்ளிவிட்டார்கள்! ஆனால் நானே ஒருமுறை பழைய நிரலில் ஒரு பெயரைச் 'சரியாக' மாற்றப்போய், அதை நம்பியிருந்த நான்கு நிரல்களை ராத்திரியோடு ராத்திரியாகப் படுக்கவைத்தவன். புழங்கிய பெயரில் கைவைத்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

அப்புறம் இன்னொன்று. சங்கின் சுருள் முனையை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால், சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். அறிவியல் அதை வலது என்கிறது. நம் பழக்கத்தில் நீண்ட முனைதான் மேலே. அதே சங்கு நமக்கு இடம்புரி. நாம் தேடி அலையும் வலம்புரி அவர்களுக்கு இடது. சங்கைக் கையில் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது பாட்டுக்கு இருந்தது.

மறுநாள் நோட்டரி தட்டச்சு செய்து கொடுத்தார்: மேற்படி இரு பெயர்களும் ஒரே நபரையே குறிக்கும். கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "உண்மையில எதும்மா அப்பா பேரு?"

"எனக்கென்னடா தெரியும்? நாப்பது வருஷமா 'என்னங்க'ன்னுதானே கூப்பிட்டேன்."