முகத்தில் விலை தெரியக் கூடாது!

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்துக்கு முதல்முறை போனபோது அவனுக்கு 22 வயது. வியாபாரி ஒருவரிடம் உதவியாளர் வேலை. 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு அங்கே கூச்சல் கிடையாது. சாம்பிள் கைக்கு வரும். பிடித்திருந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். திரையில் விலை ஏறும்.

“தம்பி, பிடிச்ச சாம்பிளை ரொம்ப நேரம் கையில வச்சிருக்காத. பக்கத்துல இருக்கவன் பார்த்தா விலை ஏறிரும்” என்றார் முதலாளி.

“வேணாத லாட்டுக்கும் சும்மா ஏத்தி விடலாமா அண்ணாச்சி?”

“விடலாம். அடுத்தவன் ஒதுங்கிட்டா சரக்கு உன் தலையில. கையில காசு இருந்தா மட்டும் விளையாடு.”

அந்தக் கடைசி வரியைத்தான் அவன் காதில் வாங்கவில்லை.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த விளையாட்டுகள் என்று சொல்லியிருந்தது. ‘முகத்தை மறைக்கத்தான் நமக்குத் தெரியுமே’ என்று மொபைலில் போக்கர் ஆடத் தொடங்கினான்.

போக்கரில் நல்ல சீட்டு இல்லாமலே இருப்பதுபோலப் பணம் கட்டி, எதிராளியை விலக வைப்பதுதான் ‘பிளஃப்’. நடுவில் 1,000 ரூபாய் இருக்கும்போது 500 கட்டி ஏமாற்றினால், மூன்று முறையில் ஒருமுறை எதிராளி விலகினாலே நஷ்டமில்லை. இந்தக் கணக்கு அவனுக்கு மனப்பாடம். ஆனால், விலகவே மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவரிடம் அது பலிக்காது. மொபைலில் எதிரே இருப்பது யாரென்றே தெரியாது.

2024 தீபாவளி வாரத்தில் 18,000 ரூபாய் போனது. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த போனஸ் பணம்.

“போனஸ் இன்னும் வரலம்மா” என்றான்.

அம்மா தினமும் விடியுமுன்பே ஜீப்பில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். மூன்று நாள் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் சோறு போடும்போது சொன்னார்: “மூணு நாளா என் மூஞ்சியப் பார்த்து நீ பேசல. எவ்வளவு போச்சு?”

அழுதுகொண்டே சொன்னான்.

அந்த ஞாயிறு, தெருவில் ஏலச்சீட்டு. 20 பேர், 20,000 ரூபாய். அவசரம் என்று தெரிந்தால் மற்றவர்கள் தள்ளுத்தொகையை ஏற்றிவிடுவார்கள். தள்ளு ஏற ஏற, சீட்டு எடுப்பவர் கைக்கு வருவது குறையும். மிச்சம் எல்லோருக்கும் பங்கு.

அம்மா வெற்றிலையை மடித்தபடி உட்கார்ந்திருந்தார். கட்டணம் கட்ட மறுநாள்தான் கடைசி நாள். முகத்தில் அதன் சாயல்கூட இல்லை. எல்லோரும் கேட்டு ஓய்ந்த பிறகு, மெதுவாக “ரெண்டாயிரத்து ஐந்நூறு” என்றார். யாரும் மேலே போகவில்லை. சும்மா ஏற்றிவிட்டால் சீட்டு தன் தலையில் விழுமே என்ற பயம் அவர்களுக்கு. கைக்கு 17,500 வந்தது. கட்டணம் 17,000.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அம்மாவின் கை நடுங்குவதை அவன் பார்த்தான். அன்று இரவே அந்தச் செயலியை நீக்கினான்.

2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தச் செய்தி வந்தபோது, சீட்டில் இன்னும் 4 தவணை பாக்கி இருந்தது. மாதாமாதம் கட்டியது அவன்தான்.