நெவார்க் எவ்வளவு தூரம்?

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுபவர்கள் நம்மில் பலர். இந்தக் கணக்குக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும், ஓடாமல் படியுங்கள்.

2019ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பாட்டி காலமானார். அவர் தூக்கி வளர்த்த அக்கா அப்போது அமெரிக்காவில், நெவார்க் நகருக்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்போது வெள்ளி மாலை. அன்றிரவு எந்த விமானத்திலும் இடமில்லை. மறுநாள் காலை புறப்படும் இடைநில்லா விமானத்தில்தான் கிடைத்தது.

"ஞாயிறு மதியம் மண்டாய்க்கு எடுத்துவிடலாம். பிளேன்தானே, அதற்குள் வந்துவிட மாட்டாளா?" என்றார் பெரியப்பா. அம்மா வாய் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், "எவ்வளவு தூரம் தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, ஒரு உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை. நெவார்க் மேற்கே 74 பாகை. கூட்டினால் 178. அதாவது பூமிப் பந்தில் இரண்டும் கிட்டத்தட்ட நேர் எதிர்ப் பக்கங்கள். எனவே மிகக் குறுகிய வழி பசிபிக் வழியும் அல்ல, அட்லாண்டிக் வழியும் அல்ல. வட துருவத்தை ஒட்டி ஏறி இறங்குவதுதான். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இது தெரியவே தெரியாது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நெவார்க்குக்கு 49.3 பாகை. மொத்தம் 137.9. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 15,300 கிலோமீட்டர் வருகிறது. (எல்லா நகரங்களுக்கும் இவ்வளவு சுலபமாக அமையாது. மற்றவற்றுக்கு 'ஹாவர்சைன்' சூத்திரம் வேண்டும்.)

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 17 மணி நேரம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இன்னும் கொஞ்சம். அங்கே சனிக்கிழமை காலை என்றால் இங்கே சனிக்கிழமை இரவு. எப்படிப் பார்த்தாலும் ஞாயிறு மாலைதான்.

பெரியப்பா அந்த உறையை வெகுநேரம் பார்த்தார். பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து 'ராஜுலா' கப்பலில் வந்தவர். அவருக்குத் தூரம் என்றால் நாள் கணக்குதான். கிலோமீட்டர் எல்லாம் கேட்டதே இல்லை. "சரி, திங்கள் காலை வைத்துக்கொள்வோம்" என்று பெரியப்பா எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தார்.

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அக்கா வந்து சேர்ந்தார். அழுது ஓய்ந்த பிறகு, துருவத்தின் மேலேயா வந்தீர்கள் என்று கேட்டேன். இல்லையாம். இருக்கைத் திரையில் அட்லாண்டிக்கும் ஐரோப்பாவும்தான் தெரிந்தனவாம். மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளினால், சுற்றுவழியும் விமானத்துக்கு இலாபம்தான். பெரியப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் அக்காவுக்குக் காப்பி வாங்கப் போயிருந்தார்.