‘லைட்’ பீரும் நான்காம் ஆண்டுக் கணக்கும்

இன்று பாடத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. சற்று வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மைத்துனரோடு அமர்ந்து பீர் அருந்தும் வழக்கம் எனக்குண்டு. சென்ற ஆண்டு மருத்துவப் பரிசோதனையில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். பழக்கத்தை விட மனம் வரவில்லை. ஆகவே, ‘லைட்’ பீருக்கு மாறினேன். “இதுல கொழுப்பே இல்ல மச்சான், தைரியமா குடிங்க” என்றார் மைத்துனர். பீரில் கொழுப்பு எப்போதுமே இருந்ததில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை!

ஆறு மாதங்கள் கழிந்தன. எடை குறையவில்லை. ஒரு மாலை, அதே மேசையில் கணிதப் பயிற்சி செய்துகொண்டிருந்த என் மகன் தலை நிமிராமலே சொன்னான்: “அப்பா, முன்னே ரெண்டு டின். இப்ப மூணு.”

பிள்ளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிரவு அவன் பயிற்சித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் மதுசாரத்தில் 7, கொழுப்பில் 9. அதாவது, மதுசாரம் சர்க்கரையைத் தாண்டிக் கொழுப்பை நெருங்கி நிற்கிறது. 5 விழுக்காட்டு பீர் 330 மில்லிலிட்டரில் மதுசாரம் மட்டும் ஏறக்குறைய 13 கிராம். அதுவே 91 கலோரி. மாவுச்சத்தையும் சேர்த்தால் 140-ஐத் தொடும். ‘லைட்’ என்றால் 100 அளவில் வரும். இரண்டு சாதாரண பீர் 280. மூன்று ‘லைட்’ 300. கொறித்த கச்சான் 50 கிராமுக்கு இன்னொரு 280! நான்காம் ஆண்டு மாணவன் போடும் கணக்கை, கற்பிக்கும் ஆசிரியன் தவறவிட்டிருக்கிறேன்.

விஸ்கிக்கு மாறலாமே என்பார்கள் சிலர். 30 மில்லிலிட்டரில் 66 கலோரிதான், சர்க்கரையும் இல்லை. ஆனால் ஒரு டின் கோலாவைக் கலந்தால் 140 கூடிவிடுகிறது. சோடா கலந்தால் கூடாது. எனினும் மதுசாரம் உள்ளே போனால் கல்லீரல் முதலில் அதைத்தான் எரிக்கிறது. கொழுப்பு தன் முறைக்காகக் காத்திருக்கிறது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. எனவே, பெயர்ச்சீட்டில் ‘லைட்’ என்ற சொல்லைத் தேடுவதைவிட மதுசார விழுக்காட்டையும் டின் எண்ணிக்கையையும் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

இந்த மண்ணில் மது நமக்குப் புதிதன்று. தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்த காலத்தில், 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலை நிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மது பலரின் உயிரைக் குடித்தது. வயிற்றுக்கில்லாத அந்தப் பாட்டாளிகள் கடையையே மூடச் சொன்னார்கள். வயிறு நிறைந்த நானோ, குடித்துக்கொண்டே இளைக்க வழி தேடினேன்.

குடிக்கவே கூடாதென்று பிறருக்கு உபதேசிக்கும் தகுதி எனக்கில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியதை மட்டும் நினைவூட்டுகிறேன். என் அளவில், இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் மோரிப் கடற்கரையில் மகனோடு நடக்கிறேன். மைத்துனர் வந்தால் ஒரு டின், அதோடு சரி.

அதையும் அவன் எண்ணுகிறான். எண்ணட்டும்.