வாசல் வரை வந்த குரல்

திலக் நகரில் எங்கள் வீடு ரயில் நிலையத்தை அடுத்தது. நள்ளிரவு வரை ஹார்பர் பாதையில் வண்டிகள் ஓடும். வீட்டில் எவரும் விழிப்பதில்லை. ஆனால் நான் சற்றே இருமினால் போதும், அம்மா எழுந்துவிடுவாள்.

சென்ற ஆண்டு அவளுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் நாள் இரவு, “ஏய்யா, மயக்கம் குடுத்த பொறவு நீ கூப்பிட்டா எனக்குக் கேக்குமா?” என்றாள். முதுகலையில் உடலியல் பயில்பவன் அல்லவா நான்? “கேட்காதும்மா, மூளை அடங்கிப்போகும்” என்று மிடுக்காகச் சொன்னேன். அவள் முகம் வாடிற்று.

அறுவை நலமாக முடிந்தது. ஆனால் அந்த வாட்டம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. நூலகம் சென்று தேடினேன்.

நண்பர்களே, செடியைத் தூண்டினால் எழும் மின்துலங்கல் குளோரோபாரத்தால் அடங்குவதை, 1902இல் வெளியிட்ட நூலில் ஜகதீச சந்திர போஸ் காட்டினார். நம் மூளையும் அவ்வாறே அடங்கிவிடும் என எண்ணியிருந்தேன். உண்மை வேறு.

மணிக்கட்டு நரம்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினால், ஏறத்தாழ 20 மில்லி செகண்டில் மூளையின் மேற்புறணியில் துலங்கல் தோன்றும். ஐசோபுளூரேன் போன்ற ஆவியைச் சுவாசித்து மயங்கியவரிடமும் அது தோன்றுகிறது. சற்றுத் தாமதித்து, சற்று மெலிந்து. அளவு மிகுந்தாலே பெரிதும் மறைகிறது. முதுகெலும்பு அறுவையின்போது நரம்புப் பாதை பழுதுறாமல் இருக்கிறதா என மருத்துவர்கள் இத்துலங்கலைக் கொண்டே கண்காணிக்கிறார்கள்.

செவி வழி வரும் ஒலியும் ஓரளவு இப்படித்தான். அது மூளையின் முதல் வாயிலை அடைகிறது. அங்கிருந்து பிற பகுதிகளுக்குச் சென்று, அவை தமக்குள் கலந்து பேசுவதே குலைந்துபோகிறது. நரம்பணுக்களை அடக்கும் காபா என்ற இயற்கைப் பொருளின் வலிமையை இம்மருந்துகள் கூட்டுவது அதற்கு ஒரு காரணம். கடிதம் வாசலுக்கு வருகிறது. எடுத்துப் படிப்பார் இல்லை.

பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்லி, அஞ்சி நின்ற ஒருத்தியை வாட்டிவிட்டேனே! படிப்பு தந்த மிடுக்கு, அவள் கேட்டது அறிவியல் ஐயம் மட்டுமன்று என்பதை மறைத்துவிட்டது.

அன்றிரவே அவளிடம் சொன்னேன்: “என் குரல் வாசல் வரைக்கும் வந்திருக்கும்மா. உனக்குத்தான் தெரிஞ்சிருக்காது.”

அம்மா சிரித்தாள். “வாசல் வரைக்கும் வந்தியே, அது போதும்யா.”