கைப்பையில் தைத்த பெயர்

நல்ல பெயர் எடுப்பது, பெயரைக் காப்பாற்றுவது, பெயரைக் கெடுத்துக்கொள்வது என்று பெயரைக் குறித்து நம் பேச்சு வழக்கில் எத்தனையோ சொற்றொடர்கள் உண்டு. பெயரை விற்பது என்ற பேச்சை நம் பாட்டன்மார் வாயிலாக நாம் கேட்டதில்லை. நிலத்தை விற்கலாம், வீட்டை விற்கலாம். பெற்றோர் இட்ட பெயரை எவ்வாறு விற்பது என்றே அவர்கள் வியந்திருப்பர். இன்றைய வணிக உலகிலோ பெயரே விலைமிக்க சரக்காகி விட்டது.

இதைக் குறித்து எண்ணிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. பிறரிடம் வேலைக்குக் காத்திராமல் சொந்தத் தொழில் தொடங்க விழையும் இளையோரை இப்பொழுதெல்லாம் அடிக்கடி சந்திக்கிறோம். கைப்பை, காதணி, வளையல், கழுத்துத் துண்டு போன்றவற்றைத் தம் பெயரிலேயே செய்து விற்க வேண்டும் என்பது அவர்களுள் பலருடைய கனவு. வீட்டின் ஒரு மூலையில் தொடங்கிவிடலாம், முதலும் மிகுதியாகத் தேவையில்லை என்று அவர்கள் நம்புகின்றனர். அக்கனவைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், அப்பாதையில் முன்னரே நடந்த ஒருவரின் வாழ்வை அறிந்தபின் புறப்படுவது நன்று.

அமெரிக்க நாட்டின் கான்சாஸ் நகரில் 1962ஆம் ஆண்டு பிறந்தவர் கேத்தரின் நோயல் பிராஸ்னகன். கேட் என்பது அவருடைய அழைப்புப் பெயர். இதழியல் பயின்ற அவர், நியூயார்க் மாநகரில் மகளிர் இதழ் ஒன்றில் அணிபொருள்கள் பற்றிய பகுதியைக் கவனித்து வந்தார். கடைகளில் கிடைத்த கைப்பைகள் பகட்டாக இருந்தனவேயன்றி, எளிய வடிவும் அழகும் ஒருங்கே அமைந்தவை அரிதாக இருப்பதைக் கண்டார். இந்தக் குறையை நாமே நிறைத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. காகிதத்தை வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்து மாதிரிகள் செய்தார். 1993ஆம் ஆண்டு ஆறு எளிய வடிவங்களோடு தொழில் தொடங்கிற்று.

என்ன பெயர் வைப்பது? பல பெயர்களை எண்ணிப் பார்த்தபின், கேட் என்ற தம் பெயரோடு, பின்னாளில் தமக்குக் கணவரான ஆண்டி ஸ்பேடின் குடும்பப் பெயரையும் இணைத்து ‘கேட் ஸ்பேட்’ என்று வைத்தனர். அப்பொழுது அவர்களுக்குத் திருமணம்கூட ஆகவில்லை. மணவாழ்வில் அவர் ஏற்கவிருந்த பெயரைக் கைப்பை முந்திக்கொண்டது!

பெயர் கிடைத்தது, பணத்திற்கு எங்கே போவது? ஆண்டி தம் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். விளம்பரத் துறையில் தாம் பார்த்துவந்த வேலையையும் அவர் உடனே விடவில்லை. அந்த மாதச் சம்பளமே சில ஆண்டுகள் தொழிலைத் தாங்கிற்று. குடியிருந்த வீடே சரக்கறையாயிற்று. முதன்முதலாகப் பங்கேற்ற வணிகக் கண்காட்சிக்கு முந்திய இரவு, பையின் உட்புறம் தைத்திருந்த சிறிய பெயர்த்துணியைக் கேட் பிரித்தெடுத்து வெளிப்புறத்தில் தைத்தார். அச்சிறு துணியே பிற்காலத்தில் அப்பைகளின் அடையாளமாயிற்று. ஆயினும் அக்கண்காட்சியில் கிடைத்த கொள்முதல் உத்தரவுகள், அங்கே கடை விரித்த செலவுக்கே போதவில்லை. இத்துடன் நிறுத்திவிடலாம் என்றே கேட் எண்ணினார். புகழ்பெற்ற கடையொன்று நம் பைகளைக் கேட்டிருக்கிறதே என்று ஆண்டிதான் ஊக்கமூட்டினார்.

பைகள் விற்கத் தொடங்கிய பின்னும் கையில் பணம் தங்காததேன் என்று இளையோர் கேட்கலாம். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு பையைச் செய்ய 400 ரூபாய் ஆகிறதென்று கொள்வோம். கடைக்காரருக்கு அதை 800 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். நூறு பைகளுக்கு 40,000 ரூபாய் இலாபம் என்று ஏடு சொல்லும். ஆனால் துணிக்கும் கொக்கிக்கும் தையற்கூலிக்கும் முன்னரே 40,000 ரூபாய் கொடுத்தாயிற்று. கடைக்காரரோ இரண்டு மாதம் கழித்தே பணம் தருவார். அதற்குள் அவரே மகிழ்ந்து இருநூறு பைகள் கேட்பாராயின், உடனே 80,000 ரூபாய் வேண்டும். முதற்பணமே வந்து சேரவில்லை! விற்பனை பெருகப் பெருகக் கடன் பெருகும் விந்தை இது. சரக்கு விலை போகாமல் நொடித்த தொழில்கள் உண்டு. நன்கு விலை போனதாலேயே நொடித்தவையும் உண்டு. துணி ஆலைகளும் பொத்தான், கொக்கி விற்போரும் சிறு அளவில் தர இசைவதில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பத்துப் பைகளுக்கான துணி வேண்டுவோர், பல நூறு பைகளுக்கான துணியை வாங்கி அடுக்கி வைக்க நேரிடும். அடுத்த பருவத்தில் மக்களின் விருப்பம் மாறிவிட்டால், அடுக்கிய துணி அப்படியே கிடக்கும்.

கேட்டும் அவருடைய நண்பர்களும் இவற்றையெல்லாம் பொறுமையோடு தாங்கினர். 1996ஆம் ஆண்டு நியூயார்க்கின் சோகோ பகுதியில் சிறிய சொந்தக் கடை திறந்தனர். அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மன்றத்தின் விருதுகளும் வந்தன. புகழோடு போலிகளும் வந்தன. மன்ஹாட்டன் கனால் தெருவில் அதே பெயர் தாங்கிய போலிப் பைகள் மலிந்தன. எளிய வடிவிலான பையையும் அதன்மேல் ஒரு துண்டுத் துணியையும் யார்தான் தைக்க முடியாது?

இங்கேதான் ஓர் உண்மை புலப்படுகிறது. பையின் எளிய வடிவத்தைத் தனக்கே உரியதென்று சட்டத்தின் முன் நிலைநாட்டுவது கடினம். பெயரையோ பதிவு செய்து காத்துக்கொள்ளலாம். ஆகவே இத்தொழிலில் துணியும் தையலும் செல்வமல்ல, பெயரே செல்வம். நிறுவனத்தை வாங்க வருவோர் உண்மையில் விலை பேசுவது அதைத்தான்.

1999ஆம் ஆண்டு நெய்மன் மார்கஸ் என்ற பெருங்கடை நிறுவனம் 56 விழுக்காட்டுப் பங்கை வாங்கிற்று. 2006ஆம் ஆண்டு எஞ்சிய பங்குகளும் விற்கப்பட்டன. அவ்வாண்டே முழு நிறுவனமும் லிஸ் கிளைபோர்ன் என்ற மற்றொரு நிறுவனத்தின் கைக்கு மாற உடன்பாடாயிற்று. 2007இல் கேட் வெளியேறினார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன் அவருக்கு மகள் பிறந்திருந்தாள்; குழந்தையை வளர்ப்பதில் அவர் மனநிறைவோடு ஈடுபட்டார். விற்றது தவறென்று எவரும் கூற இயலாது. உழைத்தவர் உழைப்பின் பயனைப் பெற்றார். 2017ஆம் ஆண்டு அந்நிறுவனம் ‘கோச்’ நிறுவனத்திற்கு 240 கோடி டாலருக்குக் கைமாறியது.

ஆனால் 2016ஆம் ஆண்டு மீண்டும் கைப்பைகளும் காலணிகளும் செய்ய விரும்பியபோது, தம் பெயரையே இட அவருக்கு உரிமை இருக்கவில்லை. உலகெங்கும் கடைப் பலகைகளில் மின்னிய அப்பெயர் இப்போது பிறர் உடைமை. ஆகவே ‘பிரான்சிஸ் வாலண்டைன்’ என்று புதுப்பெயர் இட்டார். பிரான்சிஸ் என்பது மகளின் பெயர். தம் சொந்தப் பெயரோடும் வாலண்டைன் என்பதைச் சேர்த்துக்கொண்டார். ஐம்பது வயதைக் கடந்தபின், தாம் யார் என்று வாடிக்கையாளருக்கு மறுபடியும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது.

2018ஆம் ஆண்டு சூன் மாதம், 55ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தார் என்றும், வணிகத்தில் சிக்கல் ஏதும் இருக்கவில்லை என்றும் கணவர் அறிவித்தார். ஆகவே அத்துயரத்தைத் தொழிலோடு முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. நோய் நோய்தான்; அது வென்றவரையும் தோற்றவரையும் பார்த்து வருவதில்லை.

நாம் கற்க வேண்டியது வேறு. நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி பெயரைப் பதிவு செய்யலாம். அவ்வுரிமை பத்தாண்டுகளுக்குச் செல்லும்; பின்னர்ப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே முதற்பையைத் தைக்குமுன்னரே சில வினாக்களுக்கு விடை காண்பது நலம். இட இருப்பது நம் சொந்தப் பெயரா, அல்லது தொழிலுக்கென ஆக்கிய பெயரா? கூட்டாளியாகச் சேரும் உறவினருக்கும் தோழிக்கும் அப்பெயரில் என்ன பங்கு? ஒருநாள் பிரிய நேர்ந்தால் பெயர் யாரிடம் தங்கும்? பணம் தர முன்வருவோர் நீட்டும் தாளில் இதைக் குறித்து என்ன எழுதியிருக்கிறது? அன்பு மிகுந்திருக்கும் தொடக்க நாள்களில் இவற்றைப் பேசக் கூச்சமாகத் தோன்றும். மனக்கசப்பு வந்தபின் பேசினாலோ வழக்குமன்றமே மிஞ்சும்.

இளையோர் துணிந்து தொடங்கட்டும். ஆறு பைகளோடு தொடங்கியதில் இழிவில்லை. மாதச் சம்பளத்தை விடாமல் தொடங்கியதும் கோழைத்தனமன்று. முதற்கண்காட்சியில் நட்டப்பட்டதும் முடிவாகிவிடவில்லை. ஆனால் பொருளின்மேல் தைக்கும் பெயர் ஒருநாள் பிரித்து விற்கப்படக் கூடியது என்பதை மறவாமல் தைக்கட்டும். வீட்டில் அம்மா கூப்பிடும் பெயரையோ எவரும் விலைக்கு வாங்க முடியாது. தொழில் வளர்ந்தாலும் தளர்ந்தாலும், அப்பெயர் சொல்லிக் கூப்பிடும் நாலு பேரை அருகில் வைத்துக்கொள்ளட்டும்.